ஆடம்ஸின் வானம் ஏன் கறுத்தது?

இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ளும் மாணவர்களின் படத்தொகுப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்வது என் வேலையில் பெரும்பகுதி. அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது கன்னங்கரேலென்ற வானம். அமெரிக்க இயற்கைப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் படங்களில் மயங்கியவர்கள், படத்தைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டு, செயலியில் நீலத்தின் அளவைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த பாறைப் படத்திலும் அதே வானம்தான். பெரிதாக்கிப் பார்த்தால் வானம் முழுக்கப் பொரிபொரியாகப் புள்ளிகள், பாறையின் விளிம்பை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு. நீலத்தை அளவுக்கு மீறி இழுத்தால் இப்படித்தான் ஆகும்.

ஆடம்ஸ் செய்தது வேறு. 1927 ஏப்ரல் 10 அன்று கலிபோர்னியாவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்ற மலையின் பாறைமுகத்துக்கு எதிரே கண்ணாடித் தகட்டுக் கேமராவோடு நின்றார். வெளிச்சம் கூடிவந்தபோது மிச்சமிருந்தவை இரண்டே தகடுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்ததுமே, அந்தப் பாறை தன் மனத்தில் எழுப்பிய மலைப்பு இதில் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும். வானம் கறுக்கும், பாறை எழுந்து நிற்கும். ஷட்டரை அழுத்தும் முன்பே படம் எப்படி வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த முடிவைத்தான்.

"இந்தப் பாறைக்கு எதுக்கும்மா கறுத்த வானம்?" என்று மாணவியிடம் கேட்டேன்.

"ஆடம்ஸ் அப்படித்தானே சார் எடுத்திருக்கார்?"

"சரி, அங்கே போய் நின்னதும் உன் கண்ணுல முதல்ல பட்டது எது?"

கொஞ்சம் யோசித்து, "பாறை இடுக்குல ஈரமா பாசி இருந்துது சார். அவ்வளவு பச்சை" என்றாள்.

பச்சையைப் பார்த்து நின்றவள் அதைக் கறுப்பு வெள்ளையில் தொலைத்துவிட்டாள். அவளுக்கு அப்போது தேவைப்பட்டவர் எலியட் போர்ட்டர் (1901–1990). மருத்துவம் படித்தவர், பிறகு முழுநேரமும் படமெடுக்க வந்தவர். கலைப் புகைப்படம் என்றாலே கறுப்பு வெள்ளை என்றிருந்த காலத்தில், இலை, பாசி, நீரோடை என்று அருகில் போய் வண்ணத்தில் எடுத்தார். அவர் படங்கள் பலவற்றில் வானமே இருக்காது. மேகமூட்டமான நாளில் மறுபடி போகச் சொன்னேன், டிரைபாடும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரும் எடுத்துக்கொண்டு. போலரைசரை மெல்லத் திருப்பினால் ஈரப்பாறையின் மேல் பளபளக்கும் வெள்ளை ஒளி கரைந்து, அடியில் இருக்கும் நிறம் துலங்கும். ஃபில்டர் வெளிச்சத்தைக் குறைப்பதால் ஷட்டர் நேரம் நீளும், ஆகவே டிரைபாட் கட்டாயம். அவள் கொண்டுவந்த புதிய படம் போர்ட்டரின் நகலாக இல்லை. அவள் பார்த்த பாசி அதில் இருந்தது. எனக்கு அது போதும்.

நகலெடுப்பதில் படம் கெடுவது சின்னச் சேதம். இடம் கெடுவதுதான் பெரியது. பெயர்பெற்றவர் எடுத்த அதே மரம், அதே கோணம் என்று தேடிப் போகிறார்கள். ஜப்பானின் ஹொக்கைடோவில், பியேய் என்ற ஊரில், வயல் நடுவே சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் மரம் இருந்தது. 'தத்துவ மரம்' என்று பெயரே வைத்திருந்தார்கள். படமெடுக்க வந்தவர்கள் எச்சரிக்கைப் பலகைகளையும் மீறி விளைநிலத்தை மிதித்தார்கள். 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரர் மரத்தையே வெட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பறவைக் கூடுகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கூடு தெளிவாகத் தெரியட்டும் என்று மறைக்கும் கிளையை ஒதுக்கிக் கட்டுகிறார்கள், சிலர் வெட்டியே விடுகிறார்கள். அந்த இலைகள்தான் குஞ்சுக்கு நிழலும் மறைப்பும். ஆள் நிற்கும்வரை தாய்ப்பறவை கூட்டுக்குத் திரும்பாது. அதற்குள் வெயிலோ காகமோ வேலையை முடித்துவிடும். மா. கிருஷ்ணனை (1912–1996) மாணவர்களுக்கு நான் விடாமல் பரிந்துரைப்பது இதனால்தான். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே கோத்த கருவியை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தவர். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று பல்லாண்டு பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். அதை எந்த லென்ஸும் தராது.

போட்டிக்குப் படம் அனுப்புகிறவர்கள் ரா கோப்பை, அதாவது கேமரா பதிவு செய்த, திருத்தப்படாத மூலக் கோப்பை அழிக்காதீர்கள், நடுவர்கள் கேட்பார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் போட்டியில் 2017-இல் பரிசு பெற்ற ஓர் எறும்புதின்னிப் படம், அதில் இருந்தது பாடம் செய்யப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த நிபுணர்கள் முடிவுக்கு வந்ததால், அடுத்த ஆண்டு தகுதி நீக்கப்பட்டது. இணையத்தில் பகிரும் முன் படத்தோடு ஒட்டியிருக்கும் லொகேஷன் விவரத்தை நீக்கிவிடுங்கள். கூடு, அரிய செடி, தனியார் நிலம் என்றால் இடத்தின் பெயரையே எழுத வேண்டாம்.

அப்புறம், மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு. தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் வாங்காமல், ஒதுக்கிய படங்களையும் கேட்டு வாங்குங்கள். யாரைப் பார்த்து எடுத்தது, எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று மாணவரையே எழுதச் சொல்லுங்கள். ஒதுக்கிய படங்களை வரிசையாகப் பார்த்தாலே, ஒரே இடத்தில் நின்று ஒளிக்காகக் காத்திருந்தவர் யார், தெரிந்த கோணத்தைத் தேடி ஓடியவர் யார் என்று தெரிந்துவிடும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை அந்தக் காத்திருப்புக்கு ஒதுக்குங்கள்.