கூரை விளிம்பில் இருந்த சாவி

ஒரு கல்லூரியில் வாரத்தில் இரண்டு நாள் மனநல ஆலோசகராக உட்காருகிறேன். அங்கே ஒரு மாணவி (அவள் சம்மதத்தோடு, அடையாளம் மாற்றித்தான் எழுதுகிறேன்) "இதைப் படிச்சா உங்களுக்கே புரியும் மேம்" என்று தடித்த புத்தகம் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். 2005-ல் வந்த 'ட்வைலைட்', அந்த வரிசையின் முதல் நாவல். இரண்டே ராத்திரியில் முடித்தேன். ஏமாற்றம்தான்.

ரத்தக்காட்டேரி கதை என்பதால் அல்ல. பேய்க்கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. நாயகி பெல்லாவுக்கு வயது 17. அவள் காதலிக்கும் ரத்தக்காட்டேரி எட்வர்டும் பார்வைக்கு 17தான், பிறந்ததோ 1901-ல். கதை பாதி தாண்டியதும், அவளுக்கு முன்னால் போய் அவள் வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறான். கூரை விளிம்பின் அடியில் இருக்கும் சாவி இவனுக்கு எப்படித் தெரியும்? கேட்டால், ராத்திரியில் அவள் தூங்குவதைப் பார்க்க வந்துபோகிறானாம். அவளுக்குக் கோபம் சரியாக வரவில்லை, உள்ளுக்குள் பெருமை. அப்புறம் அவள் கவலையெல்லாம் தூக்கத்தில் என்ன உளறினோம் என்பதுதான். திகில் எழுதத் தெரிந்த கை அந்தச் சாவியை அவ்வளவு சுலபமாக விட்டிருக்காது.

"ஆனா அவளைக் காப்பாத்தறான்ல மேம்?" என்று கேட்டாள் மாணவி.

காப்பாற்றுகிறான். போர்ட் ஏஞ்சலஸ் என்ற ஊரில் சில ஆண்கள் அவளை வளைக்கும்போது காரில் வந்து மீட்கிறான். அவள் பின்னாலேயே வந்ததால்தான் அது முடிந்தது என்று கதை அமைகிறது. பின்தொடர்வதே பாதுகாப்பு போல ஆகிவிடுவது அங்கேதான்.

மாணவி தன் போனை நீட்டினாள். 'இன்னிக்குப் பச்சை துப்பட்டா சூப்பர்.' அனுப்பியவன் விடுதிக்கு எதிரே டீக்கடையில் நிற்பவன். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. "நல்லவன்தான் மேம்" என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

புத்தகத்தைப் படிக்காதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வேண்டாம் என்றதும் அவன் நிறுத்தினானா என்று மட்டும் கேட்பேன். நிறுத்தாமல் பின்தொடர்வது நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை உண்டு. வெறுப்பில் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. பெண்கள் உதவி எண் 181.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "ரெண்டாம் பாகம் தரட்டுமா மேம்?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.