ஏழாவது வளைகோடு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மலேசியாவில் உறவுக்காரர் உள்ள வீடுகள் நிறைய. காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச்.370 பேச்சை எடுத்தால் ஆளுக்கொரு கதை வரும். கடத்தினார்கள், சுட்டு வீழ்த்தினார்கள், ஏதோ தீவில் இறக்கிவிட்டார்கள். யார், ஏன் என்பதற்கு எதையும் சொல்லலாம். எங்கே என்பதற்கு அப்படி முடியாது, அதற்குக் கணக்கு இருக்கிறது.

2014 மார்ச் 8. கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு 239 பேருடன் கிளம்பிய போயிங் 777, சுமார் 40 நிமிடத்தில் விமானக் கட்டுப்பாட்டின் திரையிலிருந்து மறைந்தது. அது திரும்பி, நகரத்தார் லேவாதேவி நடத்திய பினாங்கை ஒட்டி மேற்கே போனதை ராணுவ ரேடார் பதிவு செய்திருந்தது. அதிகாலை 2:22 மணிக்கு அதுவும் விட்டுப்போனது.

ஆனால் விமானத்தின் செயற்கைக்கோள் கருவி வேலை செய்தது. இணைப்பு சும்மா கிடந்தால் தரைநிலையம் சுமார் மணிக்கொரு முறை "இருக்கிறாயா?" என்று கேட்கும். கருவி தானாகப் பதில் சொல்லும். செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நின்று கூப்பிட்டால், பதில் வரும் நேரத்தை வைத்து ஆள் எவ்வளவு தூரத்தில் என்று ஊகிக்கலாம், எந்தப் பக்கத்து அறை என்று தெரியாது. அதே கதைதான் இங்கும். இப்படி வந்த ஒவ்வொரு சமிக்ஞையும், செயற்கைக்கோளிலிருந்து விமானம் எவ்வளவு தூரம் என்று காட்டி, பூமியின் மேல் ஒரு வளைகோட்டைத் தந்தது. கடைசியானது ஏழாவது.

சரி, அந்த வளைகோட்டில் வடக்கா தெற்கா? இங்கே கைகொடுத்தது ஒரு குறைபாடு. விமானத்தின் கருவி, தன் வேகத்தால் அலைவரிசை மாறுவதைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் செயற்கைக்கோள் அசையாமல் நிற்பதாக நினைத்துத் திருத்தும். அந்தப் பழைய செயற்கைக்கோளோ, சற்றே சாய்ந்த பாதையில் தினமும் வடக்கும் தெற்குமாக ஆடிக்கொண்டிருந்தது. அதனால் மிஞ்சிய சிறு பிழை, வடக்கே போனால் ஒரு மாதிரி, தெற்கே போனால் வேறு மாதிரி. பதிவுகள் தெற்கோடுதான் பொருந்தின. வடக்கே கஜகஸ்தான் பக்கம் போனது என்ற கதை அத்தோடு முடிந்தது. 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைப் பாகமும் தெற்கு இந்தியப் பெருங்கடலுக்கே ஒத்துப்போனது.

காலை 8:19க்கு வந்த கடைசிச் சமிக்ஞை பதில் அல்ல, விமானமே இணைப்பு கேட்டது. மின்சாரம் போய்த் திரும்பினால் அப்படிக் கேட்கும். எரிபொருள் தீர்ந்திருக்க வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான்.

2017 ஜனவரி வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் தேடியும் விமானம் கிடைக்கவில்லை. "யார்" என்ற கேள்விக்கு இங்கேதான் உண்மையான வேலை. யாரும் ஓட்டாமல் விழுந்திருந்தால் விமானம் வளைகோட்டின் அருகிலேயே கிடக்கும். யாரோ கட்டுப்படுத்திக் காற்றில் மிதக்கவிட்டிருந்தால், தேடிய அகலத்தையும் தாண்டிப் போயிருக்கலாம்.