கூண்டை இறக்கிய பிறகு

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் ஊருக்கே தெரிந்துவிடும். எத்தனையாம் நம்பர் என்று டீக்கடையில் நிற்கும் சின்னப் பையன்கூடச் சொல்வான். கூண்டை எப்போது இறக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பலருக்கு ஞாபகம் இருக்காது. மனநல ஆலோசகராக எனக்கு வேலை தொடங்குவதே அந்த நாளுக்கு அப்புறம்தான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு தப்பு செய்தேன். பள்ளிக்கூடத்தில் போட்டிருந்த முகாமுக்குக் கையில் படிவத்தோடு போனேன். வீடு இடிந்துபோன ஒரு அக்காவிடம், "அன்னைக்கு ராத்திரி என்னக்கா நடந்துச்சு?" என்று கேட்டேன். சுற்றிலும் இருபது பேர். அவரும் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீர் இடுப்பளவுக்கு ஏறிய இடம் வந்ததும் கை விறைத்து, மேல்மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த மாமியார் என்னைப் பார்த்தார். "காலையில தாலுகா ஆபீஸ்ல இருந்து கேட்டாக. மத்தியானம் டிவிக்காரவுக கேட்டாக. இப்ப நீயா தாயி? சொன்னா வீடு கட்டித் தரப்போறியா?"

உலக சுகாதார நிறுவனம் 2011இல் மனநல முதலுதவிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், இணை என்ற மூன்று சொல்லில் அதன் சாரம் அடங்கிவிடும். தமிழில் 'கேள்' என்பதற்கு இரண்டு அர்த்தம். நான் கேள்வி கேட்டேன். வேண்டியிருந்தது காது கொடுப்பது. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. "அழுது தீர்த்துடு, பாரம் குறையும்" என்று உலுக்குவதும் அப்படித்தான். சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு வராது. வராதவர் கல்நெஞ்சக்காரர் என்று அர்த்தமில்லை.

இன்னொரு முகாமில் ஒரு அண்ணன். அவருடைய வத்தை, அதாவது சின்ன நாட்டுப் படகு, புயலில் போய்விட்டது. மூன்று நாளாக வராந்தா தூணில் சாய்ந்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை. "எப்படியாவது பேச வைங்க மேடம்" என்று அவர் மனைவி கெஞ்சினார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததோடு சரி. நாலாம் நாள் யாரோ சேறும் சுள்ளியுமாக ஒரு நண்டு வலையைக் கொண்டுவந்து போட்டார்கள். அவருடைய வலைகூட இல்லை. கை தானாகப் போயிற்று. கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, பாசியைப் பிய்த்தார், சுள்ளியை ஒடித்து எடுத்தார், சிக்கைத் தேடினார். ஒரு மணி நேரம் போயிருக்கும். தலை நிமிராமலே சொன்னார்: "கயிறு புதுசு. அறுந்திருக்காது. நங்கூரக் கல்லோட சேத்து இழுத்துட்டுப் போயிருக்கு." நான் "ம்" என்றேன். அன்றைக்கு அவ்வளவுதான். ராத்திரி சோறு வாங்கிச் சாப்பிட்டதாக மறுநாள் அவர் மனைவி சொன்னார்.

முகாமில் சோற்றுப் பொட்டலம் கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், நல்லதுதான். ஆனால் தினமும் கடல்பாசி பொறுக்கி, வலை பின்னி, பத்துப் பேருக்குச் சமைத்த கைகளைச் சும்மா உட்கார வைத்தால் மனசு அந்த ராத்திரியையே சுற்றிச் சுற்றி வரும். வெங்காயம் உரிக்கவாவது விடுங்கள்.

முதல் சில வாரங்களில் தூக்கம் கலைவது, தகரம் அதிர்ந்தால் திடுக்கிடுவது, பசி இல்லாமல் போவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது எல்லாம் வரும். பெரும்பாலோருக்கு மெல்லத் தானாகவே அடங்கிவிடும். பிள்ளைகள் திரும்பப் படுக்கையை நனைக்கலாம், அம்மாவின் முந்தியை விடாமல் சுற்றி வரலாம். ஐந்து வயதுப் பயல் ஒருவன் பிளாஸ்டிக் டப்பாவை வாயில் வைத்துக்கொண்டு "பொதுமக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று நாள் முழுக்க ஆட்டோ அறிவிப்பு விளையாடினான். பெரியவர்கள் அதட்டினார்கள். விட்டுவிடுங்கள் என்றேன். பிள்ளைகள் பயத்தை விளையாடித்தான் செரிக்கிறார்கள். மறுபடி காற்று அடிக்குமா என்று அவன் கேட்டால் "ஒன்னும் ஆகாது" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "அடிச்சா மறுபடியும் இங்க வந்துருவோம், நான் உன்கூடத்தான் இருப்பேன்" என்று சொன்னால் போதும்.

பயந்த பிள்ளைக்கு மந்திரிப்பது, தண்ணீர் ஓதிக் கொடுப்பது, திருநீறு போடுவது எல்லாம் நம் பக்கம் சாதாரணம். நான் தடுப்பதில்லை. ஒரு பெரியவர் தலையில் கைவைத்து நிதானமாக நாலு வார்த்தை சொன்னால் பிள்ளைக்கு ஆறுதல்தான். நான் கோடு போடுவது, ஓதியதை நம்பி மாத்திரையை நிறுத்தும் இடத்தில். மனநோயாளியைக் கட்டிப் போடும் இடத்தில் அதைவிட அழுத்தமாக. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப் போனார்கள். இந்த மாவட்டத்தில் மனநலம் பற்றிப் பேசும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

மாத்திரை என்றதும் ஒன்று. முகாமுக்குக் கிளம்பும்போது ரேஷன் கார்டு, ஆதார், பட்டாவெல்லாம் பிளாஸ்டிக் கவரில் போகிறது. வலிப்பு மாத்திரையும் மனநல மாத்திரையும் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. சீட்டோடு அதே கவரில் போட்டுவையுங்கள்.

தினமும் குடிப்பவர் முகாமில் குடிக்க வழியில்லாமல் இருந்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுங்கி, வேர்த்து ஊற்றி, இல்லாத ஆளைப் பார்த்துப் பேசலாம். "கடல்ல போன ஆவி புடிச்சிருச்சு" என்று சுற்றி நிற்பார்கள். அது ஆவியும் இல்லை, பயமும் இல்லை. உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே 108.

அடிக்காத புயலும் ஆளைத் தேய்க்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்து நகராமல் நின்றபோது, சேதத்தைவிடக் காத்திருப்புத்தான் பலரை வாட்டியது. வாட்ஸப்பில் யாரோ அனுப்பும் ஆடியோவை ராத்திரி முழுக்கக் கேட்காதீர்கள். வானிலை அறிவிப்பைக் குறித்த நேரத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு போனைக் கீழே வைக்கலாம். சார்ஜும் மிஞ்சும்.

கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு தனி. உடல் கிடைத்தால் அழலாம், கிடைக்காதவர்களுக்கு அதுவும் இல்லை. சட்டம் ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால் இறந்தவராகக் கொள்ள இடம் தருகிறது. மனசுக்கு அப்படிக் கணக்கில்லை. பூவும் பொட்டும் பற்றி அந்தப் பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் நாள் குறிக்க வேண்டாம்.

ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, அந்தக் காட்சி கண்முன் வந்துகொண்டே இருக்கிறது, கடல் பக்கமே போக முடியவில்லை, குடி கூடிக்கொண்டே போகிறது என்றால் ராமநாதபுரம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள். "இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒருவர் பேசத் தொடங்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், அவரைத் தனியே விடவும் வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மருந்துக்கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள்.

தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அப்பத்தா இருக்கிறார். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் கடல் ஏறியபோது சின்னப் பிள்ளை. இத்தனை வருடம் கழித்தும் மார்கழியில் வாடைக் காற்று இரைந்தால் எழுந்து போய், தாழ்ப்பாள் போட்ட கதவைக் கயிறு வைத்துக் கட்டுவார். வீட்டில் கேலி பண்ணிப் பார்த்தார்கள், சண்டையும் போட்டார்கள். நாள் நெருங்கினால் உடம்பு தானாக அதை ஞாபகப்படுத்திக்கொள்ளும் என்று மருமகளிடம் சொன்னேன். இப்போது மார்கழி பிறந்ததும் மருமகளே கயிற்றை எடுத்துக் கொடுக்கிறார். அப்பத்தா இரண்டு முடிச்சுப் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார்.