வரி போயிற்று, பதிவு போகவில்லை: அமெரிக்காவில் துப்பாக்கிச் சைலன்சர் வாங்க நினைப்பவர்களுக்கு

2026 ஜனவரி முதல் என் அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "சைலன்சருக்கு இனி அனுமதி எதுவும் வேண்டாமாம், கடையில் பணம் கட்டிக் கையோடு எடுத்து வந்துவிடலாமாம், சரிதானே?" சரியில்லை. டெக்சஸில் உயில், டிரஸ்ட் சார்ந்த வேலைகளைச் செய்யும் வழக்கறிஞர் நான். வேட்டையிலும் குறிபார்த்துச் சுடுவதிலும் ஆர்வம் உள்ள தமிழர்கள் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் பலர் பாதிச் செய்தியை மட்டும் கேட்டுவிட்டு வருவது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

நடந்தது இதுதான். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம், வெடியோசையைக் குறைக்கக் குழல் முனையில் பொருத்தும் சைலன்சரை இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பட்டியலில் வைத்து, கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி விதித்தது. அன்றைக்கு அது பெரும் தொகை. தொண்ணூறு ஆண்டுகளாக அந்த எண் மாறவே இல்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரவுசெலவுச் சட்டம், சைலன்சருக்கும் குட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கும் அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. 2026 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சைலன்சரைப் பட்டியலிலிருந்தே நீக்கப் பிரதிநிதிகள் சபை முயன்றது. வரவுசெலவு மசோதாவில் அதற்கு இடமில்லை என்று செனட்டின் விதி ஆலோசகர் சொல்லிவிட்டதால் வரி மட்டுமே போயிற்று.

ஆகவே நடைமுறை பழையதுதான். உரிமம் பெற்ற கடையில் பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டுகிறீர்கள். கடைக்காரர் அதன் வரிசை எண்ணைக் குறித்து, நான்காம் எண் படிவத்தை துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் ஏ.டி.எஃப். துறைக்கு அனுப்புகிறார். பத்து விரல் ரேகைகளும் புகைப்படமும் கூடவே போக வேண்டும், உள்ளூர்க் காவல்துறைத் தலைமைக்கு ஒரு நகல் போக வேண்டும். ஒப்புதல் வரும்வரை பொருள் கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்கும். வேறு மாநிலத்தில் வாங்கினால், அது முதலில் உங்கள் மாநிலத்துக் கடைக்கு வந்து, அதன் பிறகுதான் உங்கள் விண்ணப்பமே தொடங்கும். கடையில் வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். பதிவில்லாத சைலன்சரை வைத்திருந்தால் பத்தாண்டுகள் வரை சிறை. வரி பூஜ்யமானதால் இந்தத் தண்டனையில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

சைலன்சரை நான் குறை சொல்லவில்லை. துப்பாக்கி வெடிக்கும் ஓசை 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடியில் செவி நிரந்தரமாகப் பழுதாகலாம். நல்ல சைலன்சர் அதில் ஏறத்தாழ 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். சினிமாவில் காட்டுவதுபோல ஓசையே இல்லாமல் போய்விடாது. காதைக் காக்க நினைப்பவரின் விருப்பம் நியாயமானது. அந்த நியாயமான விருப்பம் ஒரு குற்ற வழக்கில் போய் முடியக் கூடாது.

நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் விசாவை. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியை வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் சைலன்சரும் துப்பாக்கிதான். ஏதாவதொரு மாநிலத்தின் செல்லத்தக்க வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும், கடைக்காரரோ நண்பரோ அல்ல. கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதோ, அதற்கான முதல்கட்ட ஒப்புதல் வந்திருப்பதோ உங்களைத் தற்காலிக விசாக்காரர் என்ற நிலையிலிருந்து மாற்றிவிடாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். அலுவலக நண்பர்கள் சேர்ந்து விடுமுறை நாளில் சுடும் ரேஞ்சுக்குப் போகிறார்கள். துப்பாக்கியும் சைலன்சரும் நண்பருடையவை, கையில் வாங்கிச் சுடுவது சில நிமிடங்கள்தான். விலக்கு இல்லாத விசாக்காரருக்கு அந்தச் சில நிமிடங்களும் தடைக்குள் வருகின்றன. கிரீன் கார்டு உள்ளவர் சட்டப்படி வாங்கலாம். ஆனால் சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருந்ததாகத் தண்டனை பெற்றால், குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்தப்படுவதற்கே அது போதும். குடியுரிமை பெற்றவருக்கு நேர்வதுபோல அது சிறைத்தண்டனையோடு நிற்காது, வீடும் பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்து கலைந்துவிடும்.

அடுத்தது மாநிலச் சட்டம். "எங்கள் மாநிலமே அனுமதித்துவிட்டது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் கான்சஸில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கான்சஸிலேயே செய்து, விற்று, அங்கேயே வைத்துக்கொள்ளும் துப்பாக்கிப் பொருள்களை மத்தியச் சட்டம் தீண்டாது என்று அந்த மாநிலம் 2013-இல் சட்டம் இயற்றியது. அதை நம்பிச் சானூட் என்ற ஊரில் ஒரு கடைக்காரர் பதிவின்றிச் சைலன்சர் விற்றார், முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வாங்கினார். மத்திய நீதிமன்றத்தில் இருவருமே தண்டிக்கப்பட்டார்கள். மாநிலச் சட்டத்தை நம்பினோம் என்ற வாதத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் நிராகரித்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கே எடுத்துக்கொள்ளவில்லை. சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார்கள் என்றாலும், குற்றவாளி என்ற பெயர் நிலைத்துவிட்டது. டெக்சஸும் 2021-இல் இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. அதையொட்டி மத்திய அரசுக்கு எதிராக மாநிலம் தொடுத்த வழக்கு, அதைத் தொடுக்க மாநிலத்துக்குத் தகுதியே இல்லை என்று 2024-இல் தள்ளுபடியானது. ஆகவே 'மேட் இன் டெக்சஸ்' என்று பொறித்த சைலன்சருக்கும் மத்தியப் பதிவு வேண்டும்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். மத்திய அரசு ஒப்புதல் தந்த சைலன்சரோடு கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய்ஸ், மாசசூசெட்ஸ், டெலவேர், ரோட் ஐலண்ட், ஹவாய் ஆகிய எட்டு மாநிலங்களுக்குள் குடிபோக முடியாது, தலைநகர் வாஷிங்டனுக்கும் அப்படியே. கனெக்டிகட்டில் வைத்திருக்கலாம், அதைப் பொருத்தி வேட்டையாட முடியாது. டல்லாஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு வேலை மாற்றிப் போகும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வீட்டுச் சாமான்களோடு சைலன்சரும் லாரியில் ஏறிவிட்டால், மாநில எல்லையைத் தாண்டியதும் அது குற்றமாகிவிடும். பயணத்துக்கு முன்பே முறைப்படி விற்றுவிட வேண்டும். தனிநபர் பெயரில் பதிவான சைலன்சரைத் தம்பி வீட்டிலோ நண்பர் வீட்டிலோ விட்டுப் போவதும் சட்டப்படி கைமாற்றம்தான்.

டிரஸ்ட், அதாவது சொத்தை அறங்காவலர்கள் பொறுப்பில் வைக்கும் ஏற்பாடு, இங்கேதான் உதவுகிறது. கணவர் பெயரில் மட்டும் பதிவாகியிருந்து, பெட்டகத்தின் எண் மனைவிக்கும் தெரிந்திருந்தால், கணவர் இந்தியா போயிருக்கும் மாதத்தில் அந்தச் சைலன்சர் யார் வசம் இருக்கிறது என்ற கேள்வி எழும். டிரஸ்ட் பெயரில் வாங்கினால் அறங்காவலர்கள் ஒவ்வொருவரும் சட்டப்படி வைத்திருக்கலாம். ஆனால் 2016 முதல், டிரஸ்டில் பொறுப்புள்ள ஒவ்வொருவரும் விரல் ரேகையும் புகைப்படமும் தர வேண்டும். தற்காலிக விசாவில் உள்ள மனைவியையோ மைத்துனரையோ யோசிக்காமல் அறங்காவலராகச் சேர்த்து, விண்ணப்பமே சிக்கலாகி வந்த கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளர் இறந்துவிட்டால், வாரிசு ஐந்தாம் எண் படிவத்தின் வழியே பெறலாம். அந்த வாரிசு நியூயார்க்கில் வசித்தால் அங்கே பெற முடியாது. உயிலில் இதை இப்போதே எழுதிவைப்பது நல்லது.

நீதிமன்றத்தில் எல்லாம் மாறப்போகிறது என்ற பேச்சும் காதில் விழுகிறது. 1937-இல் உச்ச நீதிமன்றம் 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்தின் வரிவிதிப்பு அதிகாரத்தின் பேரில் ஏற்றது. வரியே இல்லாதபோது பதிவு எதற்கு என்று கேட்டு 2025-இல் வழக்குகள் தொடுக்கப்பட்டன. வலுவான கேள்விதான் என்பது என் கருத்து. அதற்காக, வழக்கு வெல்லும் என்று எண்ணிப் பதிவைத் தவிர்ப்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

கடைசியாக, இணையத்தில் 'துப்பாக்கி சுத்தம் செய்யும் கிட்' என்று மலிவாக விற்கப்படும் உலோகக் குழாய்கள். சைலன்சர் செய்வதற்கென்றே உருவான ஒரு பாகத்தையும் சட்டம் சைலன்சராகவே கருதுகிறது. இவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர்கள்மீது மத்திய அரசு வழக்குத் தொடர்ந்திருக்கிறது. அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருந்தால் அதில் கைவைக்க வேண்டாம், நண்பரிடம் கொடுக்க வேண்டாம், விற்றவருக்கே திருப்பி அனுப்பவும் வேண்டாம். முதலில் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைக் கூப்பிடுங்கள். தற்காலிக விசாவில் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரையும் அதே நாளில் கூப்பிடுங்கள்.