நெல் வயலில் ஜியோலைட்: தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் கல்

தண்ணீர் கட்டிய நெல் வயலில் யூரியா தூவி இரண்டு மூன்று நாள் ஆனபின், நண்பகல் வெயிலில், கண்ணுக்குத் தெரியாத ஓர் இழப்பு நிகழ்கிறது. தேங்கிய நீரில் வளரும் பாசி, ஒளிச்சேர்க்கைக்காக நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. காலையில் நடுநிலையில், அதாவது பிஹெச் அளவு 7-ஐ ஒட்டி இருந்த அதே நீர், உச்சி வேளையில் 9-ஐயும் தாண்டக்கூடும். யூரியா சிதைந்து உண்டாகும் அம்மோனியம், பிஹெச் 7-இல் ஏறக்குறைய முழுவதும் அயனியாகவே நீரில் தங்கியிருக்கும், 9.25-ஐத் தொடும்போதோ அதில் சரிபாதி அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போவதற்குத் தயாராகிவிடும். மாலையில் பாசியின் வேலை ஓய்ந்ததும் காரத்தன்மை இறங்கிவிடுகிறது. ஆனால் பகலில் போனது போனதுதான்.

இழப்பு இத்தோடு நிற்பதில்லை. நீருக்கு அடியில் உள்ள சேற்றின் மேற்பரப்பில், சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மட்டும், நீரின் வழியே வரும் ஆக்சிஜன் எட்டுகிறது. அதற்குக் கீழே ஆக்சிஜன் அறவே இல்லை. மேலடுக்கில் வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன; அந்த நைட்ரேட் கீழே இறங்கியதும், ஆக்சிஜன் கிடைக்காத வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரஜன் வாயுவாகச் சிதைத்து விடுகின்றன. நெல் வயலின் இந்த இரட்டை அடுக்கையும், அதனால் உரம் வாயுவாகிப் போவதையும் விளங்கவைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஜப்பானிய மண்ணியலாளர் ஷியோயிரி மத்சுசபுரோ. உரத்தை நீரின் மேல் தூவாமல் சேற்றின் ஆழத்தில் கலக்க வேண்டும் என்ற அறிவுரை, அந்த ஆய்வுகளிலிருந்து பிறந்ததே. இந்த இழப்புகளையெல்லாம் கழித்துப் பார்த்தால், நாம் இடும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், நெற்பயிரைச் சென்றடைவது பெரும்பாலான வயல்களில் 30 முதல் 40 சதவீதம்தான்.

அம்மோனியத்தை, பயிர் கேட்கும்வரை, மண்ணிலேயே யாராவது பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தால் என்ன என்பதே ஜியோலைட் ஆராய்ச்சியின் அடிப்படைக் கேள்வி. இக்கனிமத்திற்குப் பெயர் வைத்தவர் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் கிரான்ஸ்டெட். 1756-இல் அவர் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது, அது தனக்குள் இருந்த நீரை வெளியேற்றிக் கொதிப்பதுபோல் நுரைத்தது; அதனால் கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும்படி ஜியோலைட் என்று அழைத்தார். கல்லுக்குள் நீர் இருக்கிறதென்றால், கல்லுக்குள் இடமும் இருக்கிறது என்று பொருள். அந்த இடம் எத்தகையது என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

ஒரு சிலிக்கன் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் நிற்கும் நான்முகி வடிவமே ஜியோலைட்டின் செங்கல். இந்தச் செங்கற்கள் மூலைகளைப் பகிர்ந்துகொண்டு அடுக்கப்படும்போது, நடுவே ஒழுங்கான சுரங்கப் பாதைகள் விடப்படுகின்றன. வேளாண்மையில் மிகுதியாகப் பயன்படும் கிளினாப்டிலோலைட் என்னும் வகையில் இந்தப் பாதைகளின் அகலம் ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. அம்மோனியம் அயனி நுழைய முடியும், அதைவிட மிகப் பெரிதான எதுவும் நுழைய முடியாது. அடுத்து, சில செங்கற்களில் சிலிக்கனுக்குப் பதிலாக அலுமினியம் அமர்ந்திருக்கிறது. சிலிக்கனைவிட அலுமினியத்திற்கு ஒரு நேர்மின்சுமை குறைவு என்பதால், அது அமர்ந்த இடத்திலெல்லாம் சட்டகத்தில் ஓர் எதிர்மின்சுமை மிஞ்சுகிறது. அதைச் சமன்செய்ய சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற நேரயனிகள் சுரங்கத்திற்குள் வந்து தங்குகின்றன. இவை சட்டகத்தோடு இறுகப் பிணைந்தவை அல்ல, இடம் மாற்றிக்கொள்ளக்கூடியவை. அம்மோனியம் வந்தால் சோடியம் எழுந்து இடம் கொடுக்கும்.

ஜியோலைட்டைக் கடற்பஞ்சுக்கு ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது; அந்த உவமை பாதிதான் பொருந்தும். பஞ்சு எதையும் உறிஞ்சும், பிழிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிடும். ஜியோலைட் அப்படியன்று, அதற்கு விருப்பு வெறுப்பு உண்டு. கிளினாப்டிலோலைட் முதலில் விரும்புவது சீசியத்தை. அதன்பின் பொட்டாசியம், அம்மோனியம், அவற்றுக்குப் பின்னே சோடியம், கால்சியம், மக்னீசியம். கால்சியமும் மக்னீசியமும் தம்மைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் போர்த்திக்கொள்பவை. அந்தப் போர்வையோடு குறுகிய பாதைக்குள் நுழைவது கடினம், கழற்றிவிட்டு நுழைவதற்கோ மிகுந்த ஆற்றல் வேண்டும். அம்மோனியமும் பொட்டாசியமும் நீரைத் தளர்வாகவே பிடித்திருப்பவை என்பதால் எளிதாக உள்ளே செல்கின்றன. மண்ணில் கால்சியம் எவ்வளவு மலிந்திருந்தாலும் அதனிடையே அம்மோனியத்தைத் தேடிப் பிடிக்கும் திறன் இதனால்தான் இக்கனிமத்திற்கு வாய்க்கிறது.

உள்ளே போன அம்மோனியத்திற்கு இன்னொரு பாதுகாப்பும் கிடைக்கிறது. நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரின் உடல் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் நீளமுடையது. சுரங்கத்தின் வாயைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. கதவுக்கு வெளியே நிற்கலாம், உள்ளே கை நீட்ட முடியாது. நெல்லின் வேர் மண்நீரில் உள்ள அம்மோனியத்தை எடுத்துக்கொள்ள, அங்கே செறிவு குறைய, அதை ஈடுகட்டும் அளவுக்கு ஜியோலைட்டிலிருந்து சிறிது சிறிதாக அம்மோனியம் வெளிவருகிறது. பயிர் எடுக்கும் வேகத்தையொட்டியே சத்து வெளிப்படுகிறது என்பது, என் பார்வையில், இந்தக் கல்லின் மிக அழகான குணம்.

மற்ற பயிர்களைவிட நெல்லுக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. புஞ்சை நிலத்தில் தழைச்சத்து சில வாரங்களில் நைட்ரேட்டாகிவிடும். நைட்ரேட் எதிர்மின்சுமை கொண்டது; எதிர்மின்சுமை கொண்ட சட்டகம் அதை ஏறெடுத்தும் பார்க்காது. நீர் நிற்கும் நெல் வயலிலோ, ஆழத்துச் சேற்றில் தழைச்சத்து அம்மோனியமாகவே நீடிக்கிறது, நெல்லும் அந்த வடிவத்தை விரும்பி எடுத்துக்கொள்கிறது. ஒரு வரம்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். யூரியா மின்சுமையற்ற மூலக்கூறு. அது நொதியால் சிதைந்து அம்மோனியமாகும்வரை ஜியோலைட்டின் அயனிப் பரிமாற்றத்தில் சேராது. தூவிய உடனே பெருமழை பெய்து வயல் வழிந்தால், அந்த யூரியாவைத் தடுக்க இக்கல்லால் இயலாது.

துளை இருந்தால் மட்டும் போதாது என்பதும் கவனிக்கத்தக்கது. நாற்றங்காலிலும் தொட்டிச் செடியிலும் கலக்கும் பெர்லைட், எரிமலைக் கண்ணாடியைச் சூட்டில் பொரித்துச் செய்யப்படுவது. உள்ளெல்லாம் காற்றறைகள், ஆனால் மின்சுமை மிகக் குறைவு. நீரைத் தாங்கும், சத்தைத் தாங்காது. பெண்டோனைட் களிமண்ணோ மின்சுமையும் உடையது, ஈரத்தில் உப்பி மண்ணின் இடுக்குகளை அடைக்கவும் வல்லது. ஜப்பான் 1984-இல் இயற்றிய மண்வள மேம்பாட்டுச் சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பதிவு செய்கிறது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட மண் திருத்திகளில் பெர்லைட்டின் பயன் நீர்ப்பிடிப்பு. பெண்டோனைட்டின் பயன் நெல் வயலில் நீர்க்கசிவைத் தடுத்தல். ஜியோலைட்டின் பயன் உரத்தைத் தாங்கும் ஆற்றலை உயர்த்துதல். ஜியோலைட் என்று விற்கப்படுவது 100 கிராமுக்குக் குறைந்தது 50 மில்லி சமானம் (அயனிகளின் மின்சுமையை எண்ணும் அலகு) நேரயனிப் பரிமாற்றத் திறன், அதாவது நேரயனிகளைத் தாங்கி இடம் மாற்றிக்கொள்ளும் ஆற்றல், கொண்டிருக்க வேண்டும் என்ற தரமும் அங்கே உண்டு.

ஜப்பான் இதில் முன்னே சென்றதற்கு அதன் நிலவியலே முதற்காரணம். பழங்காலத்தில் எரிமலைகள் உமிழ்ந்த கண்ணாடிச் சாம்பல், நீருக்கடியில் படிந்து, நெடுங்காலம் காரத்தன்மையுள்ள நீரோடு வினைபுரிந்து, அடுக்கடுக்கான ஜியோலைட் பாறைகளாக அங்கே மாறியிருக்கிறது. அகிதா மாவட்டத்தின் ஃபுதாத்சுய், யமகதா மாவட்டத்தின் இதாயா ஆகியவை பெயர்பெற்ற சுரங்க இடங்கள். இந்தியாவிலும் புணே, நாசிக் பகுதிகளில் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் உலகப் புகழ்பெற்ற ஜியோலைட் படிகங்கள் கிடைக்கின்றன. ஆயினும் அவை பொந்துகளில் விளைந்தவை, வயலுக்கு இடும் அளவுக்குச் சாம்பற்பாறை அடுக்குகளாகக் கிடப்பவை அல்ல.

இனி அளவுக்கு வருவோம். ஜப்பானிய ஆய்வாளர் ஹிதியோ மினாதோ 1968-இல் வெளியிட்ட ஒரு முடிவு இத்துறையில் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டப்படுகிறது: நீர் எளிதில் வடிந்துபோகும் நெல் வயலில் வழக்கமான உரத்தோடு ஜியோலைட்டும் இட்டபோது, நான்கு வாரங்களுக்குப் பின் பயிருக்குக் கிடைக்கக்கூடிய தழைச்சத்து 63 சதவீதம் கூடியிருந்தது. விளம்பரத் தாள்களில் இந்த எண்ணைக் காணும் உழவர், கூடவே இருக்க வேண்டிய இன்னோர் எண்ணையும் கேட்டறிய வேண்டும். அங்கே இடப்பட்ட ஜியோலைட் ஏக்கருக்கு ஏறத்தாழ 40 டன்.

ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கரில், உழவு எட்டும் 15 சென்டிமீட்டர் ஆழத்து மண்ணின் எடையைத் தோராயமாக 600 டன் என்று கொள்வோம். மணற்பாங்கான அந்த மண்ணின் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்கு 10 மில்லி சமானம் என்றும், நல்ல கிளினாப்டிலோலைட்டின் திறன் 150 என்றும் வைத்துக்கொண்டால், 4 டன் இடும்போது மண்ணின் திறன் 10-லிருந்து ஏறக்குறைய 11-க்கு உயரும். 40 டன் இட்டால் 19-ஐ நெருங்கும். மினாதோவின் வயலில் இடப்பட்ட அளவு மண்ணின் இயல்பையே மாற்றவல்லது. ஏக்கருக்கு ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று விற்கப்படும் அளவு, இந்தக் கணக்கில் அளவிட முடியாத அளவுக்குச் சிறியது. அதே ஜியோலைட்டின் 4 டன், கோட்பாட்டளவில் 80 கிலோவுக்கு மேல் தழைச்சத்தைத் தாங்கவல்லது என்பது உண்மை. ஆனால் மண்ணில் கால்சியமும் பொட்டாசியமும் அதே இருக்கைகளுக்குப் போட்டியிடுவதால், அம்மோனியத்திற்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதியே.

ஆகையால் எந்த மண்ணில் இடுகிறோம் என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. மணல் நிலமும், சத்தைத் தாங்கும் திறன் குறைந்த கயோலினைட் களிமண் மிகுந்த செம்மண்ணும் ஜியோலைட்டால் பயன்பெறக்கூடியவை. கருப்புக் களிமண் நிலத்தில், மண்ணே 40, 50 மில்லி சமானம் என்ற அளவில் தாங்கிக்கொண்டிருக்கும்போது, நான்கு டன் கல்லைக் கொண்டுவந்து கொட்டுவது வீண் செலவு. ஒரு சாதகத்தையும் மறுப்பதற்கில்லை. தொழுவுரம்போல் இது மக்கிப்போவதில்லை. ஒருமுறை சேற்றுழவுக்கு முன் இட்டுக் கலந்துவிட்டால் பல ஆண்டுகள் மண்ணில் நிற்கும். செலவைப் பல போகங்களுக்குப் பிரித்துப் பார்ப்பதே நேர்மையான கணக்கு. வாங்கும் பொருள் எந்தக் கனிமம் என்பதற்கும் சான்று கேட்க வேண்டும். சோடியம் மிகுந்த வகை, உவர் நிலத்துக்கு மேலும் உவரைச் சேர்க்கும். ஜியோலைட் குடும்பத்தைச் சேர்ந்த எரியோனைட் என்னும் இழைவடிவக் கனிமமோ, துருக்கியின் கப்படோக்கியா கிராமங்களில் நுரையீரல் உறைப் புற்றுநோயை உண்டாக்கியது நிறுவப்பட்ட உண்மை.

2011 மார்ச்சில் நடந்த ஃபுகுஷிமா அணு உலை விபத்து, இக்கனிமத்தை எதிர்பாராத ஒரு சோதனைக்கு உட்படுத்தியது. கதிரியக்கச் சீசியம் படிந்த வயல்களில், சீசியத்தை மிகவும் விரும்பும் ஜியோலைட்டை இட்டால் அது நெல்லுக்குப் போகாது என்பது இயல்பான எதிர்பார்ப்பு. வயலில் தெரியவந்தது என்னவென்றால், பெரும்பங்கு ஆற்றியது பொட்டாசியம். சீசியம் நெல்லின் வேருக்குள் பொட்டாசியம் நுழையும் அதே வழியாகவே நுழைகிறது. மண்ணில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால் சீசியத்திற்கு இடம் கிடைப்பதில்லை. எனவே நடவுக்கு முன் 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியச் சத்து, இருக்கும்படி பார்த்துக்கொள்வது அங்கே பொது வழிகாட்டுதலாயிற்று. மண்ணில் ஏற்கெனவே இருந்த களிமண் தகடுகளின் விளிம்புகளும் சீசியத்தை இறுகப் பற்றிக்கொண்டன. ஜியோலைட்டுக்குக் கிடைத்தது துணைப் பங்கு: இட்ட பொட்டாசியம் நீரோடு வடிந்துபோகாமல், வேர்மண்டலத்தில் தங்கச் செய்வது. 2012 முதல் அம்மாவட்டத்தில் விளைந்த அரிசி ஒவ்வொரு மூட்டையாகச் சோதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்ட மூட்டைகளில், கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பைத் தாண்டியவை 71. 2015 அறுவடையில் ஒன்றுகூட இல்லை.

தன் வயலின் குறையை வெளியிலிருந்து மண் கொண்டுவந்து சரிசெய்யும் வழக்கம் ஜியோலைட்டுக்கு வெகு காலம் முந்தையது. ஜப்பானிய உழவர்கள் அதைக் ‘கியாகுதோ’, அதாவது விருந்தாளி மண் என்பார்கள். நம்மூரில் கோடையில் குளம் வற்றியதும் வண்டலை வெட்டி மணல் வயலுக்கு அடிப்பதும் அதே வேதியியல்தான். வண்டலில் உள்ள நுண்களிமண்ணுக்கும் எதிர்மின்சுமை உண்டு, அதுவும் அம்மோனியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்துவைக்கும். களிப்பான வண்டலின் திறனை 40 மில்லி சமானம் என்று கொண்டு மேலே போட்ட கணக்கையே மறுபடி போட்டால், 4 டன் ஜியோலைட் தரும் அதே ஒரு மில்லி சமான உயர்வுக்கு ஏறத்தாழ 20 டன் வண்டல் தேவை. அது ஏழெட்டு டிராக்டர் நடை. குளம் அருகில் இருந்தால், ஜியோலைட்டின் விலையை விசாரிப்பதற்கு முன் டிராக்டர் வாடகையை விசாரிப்பது நல்லது.