ஆபத்து இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான்

தடுப்பு மருந்துகளின் பக்கவிளைவுகளை ஆராயும் கூட்டங்களில், பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கோப்பு வரும்: வயது, மருந்து கொடுத்த தேதி, ஸ்கேன் அறிக்கை. மருந்து கிடைக்காமல் நோயில் இறந்த குழந்தைகளுக்கோ மொத்தமாக ஒரே ஒரு வரி, அதுவும் உத்தேசக் கணக்கு. கோப்பு உள்ள பக்கமே மனசு சாயும்.

ரோட்டாஷீல்டு விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் இந்தச் சொட்டு மருந்துக்கு அமெரிக்கா 1998-ல் அனுமதி கொடுத்தது. சுமார் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்குக் குடல் செருகல் (குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்வது) வருவதாகத் தெரிந்ததும், 1999-ல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அங்கே அது நியாயமான முடிவுதான். அந்த நாட்டில் இந்த நோயால் ஆண்டுக்குச் சில பத்துக் குழந்தைகளே இறந்தார்கள். மற்றவர்கள் டிரிப் ஏற்றியதும் தேறிவிடுவார்கள்.

உலகம் முழுவதுமோ, ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் அதிகமான மரணங்கள். பிறப்பு சுமார் 13 கோடி என்றால், 10,000 குழந்தைகளுக்கு 30 மரணம். ஏழை நாடுகளில் இன்னும் கூடுதல். மருந்து பாதிதான் பலிக்கும் என்று வையுங்கள், குடல் செருகல் வந்த அந்த ஒரு குழந்தையும் அறுவை சிகிச்சை கிடைக்காமல் இறந்துவிடும் என்றே வையுங்கள். அப்போதும் 15 உயிர் ஒரு பக்கம், 1 உயிர் மறுபக்கம்.

ஆனாலும் மருந்து ஏழை நாடுகளுக்குப் போகவில்லை. ‘அமெரிக்காவே வேண்டாம் என்றது எங்கள் பிள்ளைகளுக்கா?’ என்று கேட்டால் எந்த அமைச்சர் பதில் சொல்வார்? அந்தக் கேள்வியில் தன்மானம் இருக்கிறது. அதை அறியாமை என்று ஒதுக்கும் நிபுணர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் குறையெல்லாம், மேலே போட்ட கணக்கை மக்கள் முன் யாரும் விரித்துக் காட்டவில்லை என்பதே.

புதிய மருந்துகள் 2006-ல் வந்தன, ஒவ்வொன்றும் 60,000-க்கும் அதிகமான குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு. எல்லா நாடுகளுக்கும் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது 2009-ல். இடையில் போன ஆண்டுகளுக்கு யார்மீதும் வழக்கு இல்லை, விசாரணைக் கமிஷனும் இல்லை. மருந்து கொடுத்து ஒரு குழந்தை இறந்திருந்தால் இரண்டும் இருந்திருக்கும்.

இப்போதைய மருந்துகளிலும் குடல் செருகல் ஆபத்து லட்சத்தில் ஓரிருவர் முதல் ஐந்தாறு பேர் வரை இருக்கலாம். அதை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்ல வேண்டும்: மருந்து கொடுத்த முதல் வாரத்தில் குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுதால், ஓயாமல் வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.