இன்னும் செய்யப்படாத கடிகாரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்

ஆண்டுதோறும் ஜெனீவாவில் ‘வாட்சஸ் அண்ட் வண்டர்ஸ்’ கடிகாரக் கண்காட்சி நெருங்கும்போது, என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு வேறு பேச்சே இருக்காது. ரோலக்ஸ் மில்காஸ் திரும்ப வருமா? டயலைச் சுற்றிச் சிவப்பும் கறுப்புமான வளையத்தோடு ஜிஎம்டி மாஸ்டர் வருமா? யாரோ கணினியில் வரைந்த படத்தைக் கைபேசியில் காட்டி, “இது மட்டும் வந்தால் கடன் வாங்கியாவது எடுத்துவிடுவேன் சார்” என்பார்கள். ரசனையில் தவறில்லை. இப்படி ஆசையோடு பேசுகிறவர்கள் இருப்பதால்தான் சாவி கொடுக்கும் கடிகாரங்களைப் பழுது பார்க்கும் தொழில் இன்னும் ஓடுகிறது. ஆனால் அந்தப் படங்களை நம்பிப் பணத்தை விட்டவர்களும் என் மேசைக்குத்தான் வருகிறார்கள்.

அணிகிறவர்கள் கேட்டு, அதன்படி கடிகாரம் பிறந்த வரலாறு உண்டு. 1930-களின் தொடக்கத்தில் இந்தியாவில் போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகள், ஆட்டத்தில் கடிகாரக் கண்ணாடி உடைந்துபோகிறது என்று குறைப்பட்டார்கள். முகத்தை உள்பக்கமாகத் திருப்பி மூடிக்கொள்ளும் ‘ரிவர்சோ’வுக்கு 1931-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததன் பின்னணி அதுதான். பிரெஞ்சுப் போர் முக்குளிப்பாளர்களான ரொபேர் மலூபியேவும் குளோத் ரிஃபோவும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று பட்டியலே போட்டார்கள்: கறுப்பு டயல், இருட்டில் ஒளிரும் குறிகள், மூழ்கியிருக்கும் நேரத்தைக் காட்டும் சுழல் வளையம். 1953-இல் பிளாங்பான் ‘ஃபிஃப்டி ஃபேதம்ஸ்’ வந்தது. அந்த நிறுவனத்தை நடத்திய ழான்-ழாக் ஃபீஷ்தேரும் முக்குளிக்கிறவர் என்பதால், விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இருந்திருக்காது. 1955-இல் வந்த ஜிஎம்டி மாஸ்டரும் அப்படித்தான். கண்டம் தாண்டிப் பறந்த அமெரிக்காவின் பான் ஆம் நிறுவன விமானிகளுக்கு இரண்டு ஊர் நேரமும் ஒரே பார்வையில் தெரிய வேண்டியிருந்தது. அதன் வளையத்தில் சிவப்புப் பாதி பகல், நீலப் பாதி இரவு.

இவர்கள் எல்லோரும் தங்கள் தொல்லையைச் சொன்னார்கள். விடையைப் பட்டறை கண்டுபிடித்தது. இன்று எனக்குக் காட்டப்படும் படங்களில் தொல்லை எதுவும் இல்லை, நிறம்தான் இருக்கிறது. சிவப்பு-கறுப்பு வளையம் 1980-களின் தொடக்கத்தில் ஜிஎம்டி மாஸ்டர் 2-இல் வந்தது. அப்போது அது அலுமினியத் தகடு. எந்த நிறமும் ஏற்றலாம். இப்போது செராமிக். சிவப்பு-நீல வளையத்துக்கே ரோலக்ஸ் முழு வளையத்தையும் சிவப்பாகச் செய்து, சூளையில் சுடுவதற்கு முன் ஒரு பாதியில் ரசாயனக் கரைசலை ஊறவைத்து நீலமாக்குகிறது. கணினியில் ஒரு சொடுக்கில் மாறும் நிறம் சூளையில் அவ்வளவு சுலபமாக மாறாது. இந்தக் கனவை ஓரளவு நிறைவேற்றியது அதன் தங்கை நிறுவனமான டியூடர்தான்: 2024-இல் வந்த பிளாக் பே 58 ஜிஎம்டி, கறுப்போடு அடர்சிவப்பு வளையம். அதையும் வாங்காமல் ரோலக்ஸுக்காகவே காத்திருக்கிறேன் என்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

அடுத்து மில்காஸ். 1956-இல் வந்தது, காந்தப்புலத்துக்கு அருகில் வேலை செய்யும் பொறியாளர்களுக்காகவும் விஞ்ஞானிகளுக்காகவும் செய்தது, 1,000 காஸ் (காந்தப்புலத்தின் அளவு) வரை தாங்கும். மெஷினைச் சுற்றி உள்ளே ஒரு காந்தத் தடுப்பு உறை இருக்கும். 2023-இல் நிறுத்தப்பட்டது. திரும்ப வர வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: காந்தத்துக்கு அசையாத ஹேர் ஸ்பிரிங் (துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள் கம்பி) வந்த பிறகு அந்த உறைக்கான தேவை பெரிதும் குறைந்துவிட்டது. ஒமேகா 2013-லேயே உறை இல்லாமல் 15,000 காஸுக்கு மேல் தாங்கும் கடிகாரத்தைக் காட்டிவிட்டது.

இதில் உங்கள் பணப்பையைத் தொடும் விஷயம் வேறு. நம்மிடம் இருக்கும் சாதாரண ஆட்டோமேட்டிக் கடிகாரம் கைபேசி உறையின் காந்தப் பூட்டு, ஒலிபெருக்கி, கைப்பையின் பொத்தான் ஆகியவற்றின் அருகில் கிடந்தாலே காந்தமேறிவிடும். ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தி ஓடும். காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுக்கச் சில விநாடிகள் போதும். இதற்கே முழு சர்வீஸ் வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் கேட்கிற இடங்கள் இருக்கின்றன. திடீரென்று வேகமாக ஓடுகிறது என்றால், “காந்தம் பார்த்தீர்களா?” என்று முதலில் கேளுங்கள். ஒரு திசைகாட்டியை அருகில் கொண்டுபோய் முள் ஆடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

ஆசைப் பட்டியல்களில் நான் அடிக்கடி பார்ப்பது ‘மெல்லியதாக, மூன்று நாள் ஓடுவதாக, 300 மீட்டர் ஆழம் தாங்குவதாக’ என்ற மூன்றும் சேர்ந்த கோரிக்கை. ரிஷார் மில் 2022-இல் 1.75 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கடிகாரம் செய்தது; நீர் தாங்கும் அளவு வெறும் 10 மீட்டர். பியாஜே 2018-இல் செய்த 2 மில்லிமீட்டர் கடிகாரத்தில் பின்மூடியே மெஷினின் அடித்தட்டு. தங்கத்தில் செய்தால் வளைந்துவிடும் என்று கோபால்ட் கலவைக்குப் போனார்கள். அதிக நேரம் ஓட வேண்டும் என்றாலும் விலை உண்டு. ஸ்வாட்ச் குழுமத்தின் பவர்மேட்டிக் 80 என்ற மெஷினைப் பாருங்கள். அதன் மூல வடிவமான 2824 சுமார் 38 மணி நேரம் ஓடும். அதை 80 மணி நேரமாக்க, மணிக்கு 28,800 துடிப்பை 21,600-ஆகக் குறைத்தார்கள். விநாடி முள் வழுக்கிச் செல்வது சற்றே குறைந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான நெம்புகோலும் அதில் இல்லை. சில வகைகளில் துடிப்பை விடுவிக்கும் பாகங்கள் பிளாஸ்டிக். வாரக் கடைசியில் கழற்றி வைத்தாலும் திங்கட்கிழமை ஓடிக்கொண்டிருக்கிறதே என்று வாங்கியவர் மகிழ்கிறார், அது நியாயம்தான். பழைய 2824-ஐப் போல மேசையில் வைத்துத் திருத்த முடியவில்லையே என்பது என் புலம்பல்.

இனி பண விவகாரம். ரசிகர்கள் வரையும் படங்களைப் போலி செய்கிறவர்களும் பார்க்கிறார்கள். நிறுவனம் ஒருபோதும் செய்யாத நிறத்தில், செய்யாத உலோகத்தில், பெட்டி, அட்டை சகிதம் கடிகாரம் வந்துவிடுகிறது. “வெளிநாட்டில் மட்டும் விற்ற குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு” என்று சொல்லி விற்பார்கள். என்னிடம் ஒருவர் கொண்டுவந்ததைத் திறக்காமலே சொல்ல முடிந்தது, ஏனென்றால் அந்த மாடல் எண்ணில் அந்த டயல் எந்த ஆண்டும் வந்ததில்லை. அவருக்கு என் மேல்தான் கோபம். இன்னொரு வகை, அசல் கடிகாரத்துக்கு வெளியார் டயலும் வளையமும் மாட்டியது. மெஷின் அசலாக இருப்பதால் பின்மூடியைத் திறந்து பார்த்தாலும் ஏமாறலாம். ஆனால் உத்தரவாதம் போய்விடும். நிறுவனத்தின் சர்வீஸ் மையமும் வெளிப்பாகங்களை மாற்றினால் ஒழியத் தொடாது. மாற்றும் செலவு உங்கள் தலையில்.

இதைவிட மோசம், வராத கடிகாரத்துக்கு வாங்கும் முன்பணம். “டீலரிடம் எனக்கு ஆள் இருக்கிறது, ஏப்ரலில் அறிவிப்பார்கள், முதல் கடிகாரம் உங்களுக்கு” என்ற பேச்சில் லட்சங்கள் கைமாறுகின்றன. ரோலக்ஸ் போன்ற நிறுவனங்கள் அறிவிக்கும் நாள்வரை வாய் திறப்பதில்லை. அறிவிக்காத மாடலுக்கு மாடல் எண் கிடையாது, விலை கிடையாது, ரசீதில் எழுத ஒன்றுமே கிடையாது. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் விருப்பத்தைப் பதிந்து காத்திருக்கலாம், அது சரி. மாடல் எண்ணும் கடை முத்திரையும் இல்லாத துண்டுச் சீட்டுக்குப் பணம் எண்ணிக் கொடுக்காதீர்கள். பழைய கடிகாரம் வாங்கினால், பணம் தருவதற்கு முன் நீங்களே தேர்ந்தெடுத்த பழுது பார்ப்பவரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இத்தனை ஆசைப் பட்டியல்களில் நான் தேடியும் காணாத ஒரு வரி, உதிரி பாகம். பதேக் ஃபிலிப் 1839 முதல் தான் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்கிறது. அதற்கான கட்டணத்தை யோசிக்கும்போது தலை சுற்றினாலும், சொல்வதற்காவது ஒரு நிறுவனம் இருக்கிறது. பல சொகுசு நிறுவனங்கள் வெளிப்பட்டறைகளுக்கு ஒரு கிரவுனையோ (சாவி கொடுக்கும் திருகு) நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் கேஸ்கெட்டையோகூட விற்பதில்லை. நம் ஊர் வியர்வையில் அந்த கேஸ்கெட்தான் முதலில் போகும். அது போனால் டயலில் எழுதியிருக்கும் 300 மீட்டர் வெறும் எழுத்து. எச்எம்டியின் கடிகாரத் துணை நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஆனாலும் தாத்தாவின் ‘ஜனதா’வைக் கொண்டுவருகிறவரை நான் வெறுங்கையோடு அனுப்புவது அபூர்வம், பழைய சரக்கு சந்தையில் இன்னும் புழங்குகிறது. பல லட்சம் கொடுத்து வாங்கிய ஸ்விஸ் கடிகாரத்தின் சொந்தக்காரரோ ஒரு கிரவுனுக்காக மாதக்கணக்கில் நிறுவனத்தின் பதிலுக்குக் காத்திருக்கிறார். அடுத்த முறை கடையில் கண்ணாடிப் பெட்டி முன் நிற்கும்போது, சர்வீஸுக்கு எங்கே அனுப்புவார்கள், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.